முகம் திருப்பும் பயிற்சி

டெவ்லின் க்ரீக் அரசு மனநல மருத்துவமனையில் மனம் என்ற ஒன்று 1971 செப்டம்பர் பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் டாக்டர் ராய்ஸ் பெண்டில்டன். பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடம் ஆராய்ச்சிக் கூண்டுப் புறாக்களோடு பழகியவர். கான்சாஸ் மாநில அரசு அவரைத் தேடிப் பிடித்து மேற்கு வார்டை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்திருந்தது. அவர் சாப்பாட்டுக் கூடத்தில் பணியாளர்களை வரிசையாக உட்காரவைத்தார். ஆசை, வருத்தம், கோபம் இவற்றை யாரும் இதுவரை கண்ணால் கண்டதில்லை என்றும், காணாததைப் பேசுவது பேய்க்கதை என்றும், இனி இங்கே நடத்தை ஒன்றுதான் உண்டு என்றும் அறிவித்தார். வாசல் பலகையில் மட்டும் 'மனநல' என்ற சொல் இருந்துவிட்டுப் போகட்டும், புதுப் பலகைக்கு நிதி ஒதுக்கவில்லை என்றார்.

கடைசி வரிசையில் இருந்த எல்டா ஷ்ராக் தன் நோட்டில் 'மனம் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். வயது ஐம்பத்தாறு. மேற்கு வார்டில் பத்தொன்பது வருட வேலை. கணவர் மென்னோ போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் பேச்சுத் துணைக்கு வானொலி, அதிலும் கோதுமை விலைதான். டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினார். முந்தைய டாக்டர்கள் எல்லாம் அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்துப் பேசினவர்கள்.

முதல் மாதம் பாடம் நடந்தது. ஒன்றைக் கொடுத்து ஒரு செயல் கூடினால் அது கூட்டல் வலுவூட்டல். காலைக் கடிக்கிற செருப்பைக் கழற்றிவிட்டு, அதனால் செயல் கூடினால் அது கழித்தல் வலுவூட்டல். அடி கொடுத்துச் செயல் குறைந்தால் கூட்டல் தண்டனை. ஐஸ்கிரீமைப் பிடுங்கிக் குறைந்தால் கழித்தல் தண்டனை. அடிப்பது எப்படிக் கூட்டலில் சேரும் என்று எல்டா கேட்டாள். முன்பு இல்லாத ஒரு அடி இப்போது இருக்கிறதல்லவா, கூடித்தானே இருக்கிறது என்றார் டாக்டர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வார்டுப் பதிவேட்டிலும் மனம் ஒழிக்கப்பட்டது. 'ஹோமர் இன்று சோகமாக இருந்தார்' என்று எல்டா எழுதியது மறுநாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. திருத்தம்: 'கண்ணிலிருந்து திரவம், நான்கு நிமிடம்.' எல்டா பழகிக்கொண்டாள். அந்த ஹோமர்தான் திட்டத்தின் முதல் வெற்றி. அவர் மதியச் சாப்பாட்டில் ஜெல்லியைச் சுவரில் வீசுவார். தண்டனையாக, கடைசியில் இருந்த காலி அறையில் அவரைப் பதினைந்து நிமிடம் தனியே விட்டார்கள். அவர் மறுநாள் இரண்டு ஜெல்லி வீசினார், அதற்கு மறுநாள் பக்கத்து மேசைக்காரர்களுடையதையும் வாங்கி வீசினார். அறுபது பேர் இரைச்சலில் இருபது வருடம் கிடந்த மனிதருக்கு அந்தக் காலி அறை சொர்க்கமாக இருந்திருக்கிறது. எல்டா அதை முதல் நாளே சொன்னாள். டாக்டர் ஆறு வாரம் வரைபடம் போட்டுக் கண்டுபிடித்தார். செயல் கூடுகிறது, ஆகவே அந்த அறை தண்டனை அல்ல, வலுவூட்டி. உடனே அறைக்குப் பூட்டுப் போட்டு, ஒரு வாரம் ஒழுங்காக இருப்பவருக்குத்தான் திறப்பது என்று விதி செய்தார்கள். சாவி தலைமைச் செவிலியிடம் இருந்தது. அதன்பின் மதிய வேளையில் அந்த அறைக்குள் யார் குறட்டை விட்டார்கள் என்பதைப் பதிவேடு சொல்லவில்லை.

இதெல்லாம் எல்டாவைத் தொடவில்லை. தொட்டது ஆர்லோ பிங்க்லியின் விஷயம்.

ஆர்லோ ஒரு காலத்தில் சரக்கு ரயிலில் பிரேக் பிடித்தவர். இருபத்திரண்டு வருடமாக மேற்கு வார்டில் இருந்தார். ஒன்பது வருடமாகத் தினமும் காலை ஏழேகாலுக்கு எல்டா தகரக் குவளையில் காப்பி கொண்டுவந்து ஜன்னலோரம் வைப்பாள். ஆர்லோ ரயில் கதையைத் தொடங்குவார். ஒரு பனிப்புயலில் ரயில் மூன்று நாள் வயல் நடுவே மாட்டிக்கொண்டது. சரக்குப் பெட்டியிலிருந்த கன்றுக்குட்டிகள் விறைத்துப் போகாதிருக்க, அவற்றை எல்லாம் கார்டு பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை கார்டு விழித்துப் பார்த்தால் அவர் தொப்பியை ஒரு கன்று பாதி தின்றிருக்கிறது. "மீதியைத் தலையில வச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் ஸ்டேஷன்ல இறங்கினார், எல்டா," என்று சொல்லி ஆர்லோ சிரிப்பார். எல்டாவும் சிரிப்பாள். ஒன்பது வருடத்தில் கன்றின் நிறம் நாலு முறை மாறியிருந்தது. தொப்பி மாறவில்லை. அவளுக்கு அந்த நாளில் வேறு சிரிப்பு கிடையாது.

அப்படி ஒரு புயலும் ரயிலும் எந்த ரயில்வே அலுவலகத்தின் ஆவணத்திலும் இல்லை என்று டாக்டர் பெண்டில்டன் கண்டுபிடித்தார். ஆகவே அது 'பொருந்தாப் பேச்சு'. எல்டாவைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார்.

"மிசஸ் ஷ்ராக், கேக்கக் கஷ்டமா இருக்கும். ஒன்பது வருஷமா நீங்கதான் அவருக்குப் பைத்தியத்தை ஊட்டிவிட்டிருக்கீங்க. நீங்க சிரிச்சீங்க, அவர் பேசினார். நீங்க காப்பி கொடுத்தீங்க, அவர் மறுநாளும் பேசினார்."

எல்டாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த மனிதரை இங்கேயே கட்டிப்போட்டது என் சிரிப்பா என்று நினைத்தாள். டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஊருக்குள் மிசஸ் டிம்கன் நடத்தும் விடுதியில் ஒரு மாடி அறை, ஆர்லோ பிங்க்லி பெயரில், ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல். கீழே டாக்டரின் கையெழுத்து இருந்தது.

"ஜன்னலைத் திறந்தா தண்டவாளம் தெரியும். அறுபது நாள் அவர் ரயிலைப் பத்திப் பேசாம இருந்தா போதும், அனுப்பிடலாம். அது உங்க கையிலதான் இருக்கு."

ரயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பேசத்தான் கூடாது. எல்டா அன்று மாலையே சாமான் அறைக்குப் போய், ஆர்லோவின் பழைய பெட்டியைத் தேடி எடுத்து, தூசி தட்டித் தன் அலமாரி மேல் வைத்துக்கொண்டாள்.

முகம் திருப்பும் பயிற்சி சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வாரம் நடந்தது. பணியாளர்கள் எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். ஒருவர் 'ரயில்' என்பார். எதிரில் இருப்பவர் தொண்ணூறு பாகைக்குக் குறையாமல் தலையைத் திருப்பி முப்பது விநாடி அப்படியே நிற்க வேண்டும். முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. கல்லுக்குக்கூடக் கொஞ்சம் முகபாவம் உண்டு, அதுவும் கூடாது என்றார் டாக்டர். நாலு பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வார்டு முழுக்க வலித்தைல வாடை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மிஸ் ஜோன் கிட்வெல் என்ற பெண், கழுத்தில் ஒரு நிறுத்து கடிகாரத்தைத் தாயத்துப் போல மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசியில் திட்டம் தொடங்கியது. ஆர்லோ கன்றுக்குட்டி வரைக்கும் வந்ததும் எல்டா தலையைத் திருப்பி, சுவரிலிருந்த கூட்டுறவுக் களஞ்சியத்தின் காலண்டரைப் பார்த்தாள். மனதுக்குள் முப்பது எண்ணினாள். மனம் இல்லாத வார்டில் வேறு எங்கே எண்ணுவது என்று தெரியவில்லை.

ஆர்லோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "என்ன எல்டா, அந்தக் காது அடைச்சுக்கிச்சா? சரி, இந்தக் காதுல சொல்றேன்." அவள் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவர் உரக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் அவள் திரும்புவதற்குள் தொப்பிக்குப் போய்விட வேண்டும் என்று, புயலையும் கன்றுகளையும் விட்டுவிட்டுத் தொப்பியில் தொடங்கினார். எட்டாம் நாள் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா, எல்டா? என்னன்னு சொல்லிடு. இனிமே பண்ணமாட்டேன்."

எல்டா காலண்டரைப் பார்த்தாள். முப்பது எண்ணி முடித்ததும் துணி அறைக்குப் போய், வெளுத்த படுக்கை விரிப்புகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது வாசலில் மிஸ் கிட்வெல் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளி வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்க, இந்தப் பெண்ணுக்குத் துணி அறை வாசலில் என்ன வேலை என்று எல்டா அன்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை.

டாக்டருக்கு மகிழ்ச்சி பொங்கியது. அதாவது உதட்டின் இரண்டு ஓரங்களும் மேலே போயின. அணைவதற்கு முன்னால் நடத்தை இப்படித்தான் ஒருமுறை கொழுந்துவிடும் என்றார். எல்டாவின் முழங்கையைத் தொட்டு, "அற்புதம், மிசஸ் ஷ்ராக். உங்களை மாதிரி பத்துப் பேர் கிடைச்சா இந்த மாநிலத்தையே மாத்திடுவேன்," என்றார்.

அந்தப் பாராட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில நாள் மூன்று முறை திரும்பினதும் வரும், சில நாள் இருபது முறை திரும்பினாலும் வராது. அதனாலேயே அவள் ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. வீட்டுக்குப் போய் மென்னோவின் நாற்காலியிடம் அதை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். இவ்வளவு நல்ல வார்த்தை அந்த வீட்டில் ஒலித்து வெகு காலம் ஆகியிருந்தது.

ஜனவரி பத்தாம் தேதிக்குப் பிறகு ரயில் வரவில்லை. வானிலை பேசினால் உடனே தலையாட்டிக் காப்பி கொடுப்பது விதி. ஆகவே ஆர்லோ காலையில் எழுந்து, சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு வானம் நல்லா இருக்கு, மிசஸ் ஷ்ராக்," என்பார். எல்டா என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. வானம் எப்படி இருந்தாலும் இந்த ஒரே வாக்கியம்தான். ரயில் பேச்சு இல்லாத நாளுக்குப் பதிவேட்டில் ஒரு பூஜ்யம். அவள் அந்தப் பூஜ்யங்களை எண்ணினாள், ஏப்ரலை எண்ணினாள், பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினாள்.

பிப்ரவரியில் டாக்டர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார்.

கோபமாக நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் எதிரே வந்தால் அவர் தலை மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும். முகத்தில் ஒன்றும் இராது. குட் மார்னிங் சொன்னால் தீயணைப்புக் குடுவையைப் பார்ப்பார். எல்டா என்ன தவறு செய்தோம் என்று இரவெல்லாம் யோசித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தரையைத் தேய்த்தாள். விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்தாள். தன் அம்மா செய்வது போல ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் வெண்ணெய் ரொட்டிகள் இரண்டு டஜன் சுட்டுக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். அவர் வாயில் வைத்து மென்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் தாங்காமல் வராந்தாவில் அவர் வழியை மறித்து, "நான் என்ன தப்புப் பண்ணினேன், டாக்டர்? சொல்லுங்க, திருத்திக்கிறேன்," என்று கத்தியேவிட்டாள். நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலை திரும்பியே இருந்தது. பின்னால் கடிகாரம் சொடுக்கும் சத்தம் கேட்டது.

மார்ச் பதினேழாம் தேதி தலைநகரிலிருந்து ஐந்து அதிகாரிகள் வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் திரைகளை இழுத்துவிட்டு, சுவரில் படம் போட்டு விளக்கம் நடந்தது. காப்பியும், அந்த ரொட்டி இருந்தால் அதுவும் கொண்டுவரும்படி தலைமைச் செவிலி எல்டாவிடம் சொல்லியிருந்தாள். எல்டா தட்டோடு நுழைந்தபோது சுவரில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே, 'பணியாளர் 4' என்று இருந்தது.

டாக்டர் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இந்த ஆய்வுல நாம பார்த்தது ஒரு சாதாரண வார்டுப் பணியாளரை. படிப்பு எட்டாம் வகுப்பு. பாராட்டு வந்துக்கிட்டிருந்த வரைக்கும், எந்தச் செயலைச் சொன்னாலும் செய்யறாங்க. தனக்குப் பிடிச்ச ஒரு மனுஷன்கிட்டயிருந்து முகத்தைத் திருப்பிக்கச் சொன்னாலும் செய்யறாங்க. இங்கே பாராட்டை நிறுத்தறோம். பாருங்க, எப்படி ஏறுது. இந்த உச்சியில ரெண்டு டஜன் ரொட்டி. இதோ, இதைவிட உயரமான உச்சி, வராந்தாவில கூச்சல். புறாவுக்கும் இதே கோடுதான் வரும், ஒரு வித்தியாசமும் இல்லை."

"அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டிருப்பாங்களோ?" என்று ஒரு அதிகாரி கேட்டார். அவர் கையில் பாதி ரொட்டி இருந்தது.

"வருத்தம்னு எதையும் நாங்க அளக்கலை."

"அந்த நோயாளி?"

"அவர் வெறும் தூண்டல். அவர் இடத்துல ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் போதும். தோதான மணி கிடைக்கலை."

எல்டா அடுத்த அதிகாரிக்குக் காப்பிக் குவளையை நீட்டினாள். இருட்டில் யாரும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் வேலை செய்த இடத்தில், ஒரு மனிதர் கண்ணைப் பார்த்துப் பேசினார் என்பதற்காக அவர் சொன்னதை எல்லாம் நம்பினாள். அவள் நம்பியது மொத்தமும் அந்தச் சுவரில் ஒரு கோடாக நின்றது. அதைவிட மோசம், அந்தக் கோட்டுக்காக அவள் ஆர்லோவிடம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

அதிகாரிகள் போனபின் டாக்டரே அவளைத் தேடி வந்தார், முழங்கையைத் தொட்டார். "அற்புதம், மிசஸ் ஷ்ராக். உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி." இவ்வளவுக்குப் பிறகும் அந்த முழங்கையில் ஒரு கதகதப்பு ஏறியது. தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று எல்டாவுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏப்ரல் ஒண்ணு," என்றாள். "ஆர்லோவோட அறை."

டாக்டர் முகம் மலர்ந்தது. அறை அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு சின்னச் சடங்கு பாக்கி என்றார். ரயில் பேச்சு நின்றது சரி. அது நம் திட்டத்தால்தான் நின்றது என்று கோப்பில் எழுத வேண்டுமானால், திட்டத்தை எடுத்துவிட்டுப் பழைய பேச்சைத் திரும்ப வரவழைத்துக் காட்ட வேண்டும். வந்ததும் மறுபடி நிறுத்திவிடலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதுதான் முறை.

"குணமானவரை மறுபடி கெடுக்கணுமா?"

"கெடுத்துக் காட்டினாத்தானே குணமாக்கினது நாமன்னு தெரியும்?" என்றார் டாக்டர் பொறுமையாக. நாளையிலிருந்து பழையபடி உட்கார்ந்து, பழையபடி சிரித்து, ரயில் கதையைக் கேட்க வேண்டும். கதை வந்தால், அறை உண்டு.

மறுநாள் ஏழேகாலுக்கு எல்டா காப்பியோடு போனாள். மிஸ் கிட்வெல் கதவோரம் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. எல்டா நாற்காலியை இழுத்து ஆர்லோவின் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஆர்லோ, அந்த ரயில் கதை சொல்லேன்."

அவர் குவளையைப் பார்த்தார்.

"கன்னுக்குட்டி தொப்பியைத் தின்னுச்சே, அது. எனக்கு மறந்தே போச்சு. என்ன நிறம் அது? செவலையா?" எல்டா சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. பயிற்சியில் சொல்லாதது எதையும் நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் விதியை விட்டாள். "நீ சொன்னாத்தான் உன்னை விடுவாங்க. தண்டவாளத்துக்குப் பக்கத்துல அறை, ஆர்லோ. பெட்டியெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன். நான் பண்ணினது தப்பு. உன் மூஞ்சியைப் பார்க்காம நான் திரும்பிக்கிட்டது பெரிய தப்பு."

ஆர்லோ தலையை மெல்லத் திருப்பினார், தொண்ணூறு பாகைக்குக் குறையாமல். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் கண் சுவரிலிருந்த களஞ்சியக் காலண்டரில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. எல்டா குனிந்து கேட்டாள்.

"...இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது."

அவள் ஒவ்வொரு முறை திரும்பியபோதும் அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

முப்பது முடிந்ததும் ஆர்லோ மரியாதையாகத் திரும்பி, "இன்னைக்கு வானம் நல்லா இருக்கு, மிசஸ் ஷ்ராக்," என்று சொல்லிக் காப்பிக்குக் கையை நீட்டினார். ஆலங்கட்டி ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கதவோரம் கடிகாரம் சொடுக்கியது.

பத்து நாள் முயன்றார்கள், கதை வரவில்லை. பழைய நிலை திரும்பாததால் ஆர்லோ பிங்க்லி குணமடைந்ததற்குத் திட்டம் காரணம் என்று சொல்ல இயலாது என்றும், தானாகக் குணமடைந்தவரைத் திட்டத்தின்கீழ் விடுவிக்க விதியில் இடமில்லை என்றும் டாக்டர் கோப்பில் எழுதினார். மிசஸ் டிம்கனின் மாடி அறைக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதி மிஸ் கிட்வெல் குடிபோனாள். அவளுக்கு ஆய்வை எழுதி முடிக்க அமைதியான இடம் தேவைப்பட்டது.

அன்று மாலை எல்டா வார்டுப் பதிவேட்டைத் திறந்து, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: 'ஆர்லோ பிங்க்லிக்கு என்மேல் கோபம். நியாயமான கோபம்.'

மறுநாள் காலை பதிவேடு திரும்பி வந்தது. 'கோபம்' என்ற சொல்லை இரண்டு இடத்திலும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தது:

'எத்தனை நிமிடம்?'